பந்து வீசும் கை

உட்காருங்கள். அந்த நாற்காலியில் வேண்டாம், இந்தப் பக்கம் வாருங்கள். அது வெண்ணிலாவின் இடம். ஆட்டம் தொடங்கிய பிறகுதான் வருவாள். அவளுடைய வழக்கம் அது. ஆனால் அவள் இடத்தில் வேறு யாராவது இருந்துவிட்டால், "பரவால்லீங்க, நான் படியில உக்காந்துக்கறேன்" என்று படியில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே இந்த வரிசை முழுவதையும் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். அதற்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது.

நீங்களும் இந்த ஆண்டு ஒரு பையனை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தாரிணிதானே பெயர்? நல்லது. நான் தெய்வநாயகி. திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். என் பேச்சு இப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள். "அக்கா பேசுனா ஆகாசவாணி செய்தி கேக்கற மாதிரியே இருக்குதுங்க" என்பாள் வெண்ணிலா. அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. இவர் கடலை வாங்கப் போயிருக்கிறார். இவர் என்றால் என் கணவர் சங்கரலிங்கம். அதோ, சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள், பாருங்கள். இந்த மைதானத்தில் எனக்கு முதலில் பிடித்தது அந்தக் கோடுகள்தாம். கோட்டுக்கு உள்ளே விழுந்தால் செல்லும், வெளியே விழுந்தால் செல்லாது. வாழ்க்கையிலும் அப்படி ஒரு கோடு இருந்திருந்தால் வெண்ணிலாவுக்கு எவ்வளவோ நன்மையாக இருந்திருக்கும்.

உங்களுக்கு இங்குள்ள முறை தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்த ஹெரன்ஸ் சிறிய பேஸ்பால் அணி. தொப்பியில் ஒற்றைக் காலில் கொக்கு நிற்கிறதே, அதுதான் அடையாளம். தொலைக்காட்சியில் வருகிற பெரிய அணிகளில் இடம் கிடைக்காத இளைஞர்களும், என்றாவது கிடைக்கும் என்று காத்திருக்கிற இளைஞர்களும் இங்கே வந்து ஆடுகிறார்கள். அவர்கள் வாங்குகிற சம்பளத்தில் இந்த ஊரில் அறை எடுக்க முடியாது. ஆகவே கோடை முழுவதும் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பையனைத் தங்கள் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். அதற்கு நன்றியாக நமக்கு இந்த வரிசை. கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று இன்னொன்றும் உண்டு. அதற்கு வீட்டார் நாள் என்று பெயர். ஒவ்வொரு பையனும் தன்னை வைத்துப் பார்த்துக்கொண்ட வீட்டுப் பெண்மணியின் கையைப் பிடித்து மைதானத்துக்குள் அழைத்துவருவான். ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார்கள். ஊரே எழுந்து நின்று கைதட்டும்.

அந்த நடைக்காகத்தான் நான் சம்மதித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் மகன் குமரகுரு வேலைக்காகச் சியாட்டிலுக்குப் போன பிறகு மாடியறை சும்மா கிடந்தது. இவர் நூலகத்தில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு பையன் இருந்தா வீடு வீடு மாதிரி இருக்கும், நாயகி" என்றார். வீடு இப்போதும் வீடு மாதிரித்தானே இருக்கிறது என்று கேட்டேன். அவர் மாடியறைச் சன்னல்களைத் திறந்துவைக்கப் போய்விட்டார். சரி என்று விட்டுவிட்டேன்.

போன கோடையில் எங்களுக்கு வந்தவன் பெயர் அனிபால். டொமினிக்கன் நாட்டுப் பையன். நெடுநெடுவென்று உயரம். பந்து வீசுகிறவன். அவன் வந்து இறங்கிய அன்றே ஆட்டம் இருந்தது. வாசலில் நின்று முறைப்படி வலது கையை நீட்டினேன். அவன் இடது கையைக் கொடுத்தான்.

எப்படி இருந்திருக்கும் எனக்கு! ஒரு பெரியவளுக்கு, முதல் நாளே, இடது கை. பிறகுதான் இவர் விளக்கினார்: பந்து வீசும் நாளில் அவன் வலது கையை யாரும் தொடக் கூடாதாம். பந்தைத் தவிர எதுவும் அதில் படக் கூடாதாம். கதவைத் திறப்பது இடது கையால். பை சுமப்பது இடது தோளில். சாப்பிடுவதும் இடது கையால்தான். அதையும் என் மேசையில் உட்கார்ந்து நான் பார்க்க வேண்டியிருந்தது. சரி, இதுவும் ஓர் ஒழுங்கு என்று ஏற்றுக்கொண்டேன். ஒழுங்கு எதுவானாலும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் முதல் நாளே எனக்குக் கிடைத்தது இடது கை. அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. அதை அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவன் ஒரு குறையும் சொன்னதில்லை. இட்லி வைத்தால் "குட், மேடம்." கீரை வைத்தால் "குட், மேடம்." மூன்றாவது இட்லி வைக்கப் போனால் தட்டைக் கையால் மூடி, "வெரி குட், மேடம்." அவ்வளவு மரியாதையான பையன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவன் அம்மா தொலைபேசியில் கூப்பிடுவாள். பெற்றவள் பேசட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் பரிமாறும் நேரத்தைத்தான் அந்த அம்மாள் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

தொடக்கத்தில் அவன் வீசிய ஆட்டங்களில் எல்லாம் தோல்வி. பிறகு ஒரு நாள் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்தேன். அன்று வென்றான். இந்தப் பையன்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வென்ற நாளில் என்ன செய்தார்களோ, அதை அடுத்த ஆட்டத்துக்கும் அப்படியே செய்வார்கள். அதே காலுறை, அதே பாட்டு, அதே சாப்பாடு. ஆகவே மறுபடியும் எலுமிச்சைச் சாதம். மறுபடியும் வெற்றி. நான் பெருமை பேசுகிறவள் அல்லள். ஆனால் இதோ, இந்த முன்வரிசையில் உட்காரும் வால்டர் என்ற பெரியவர் "அந்தப் பையனுக்கு என்னதான் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டபோது, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அடுத்த ஆட்டத்துக்குள் இந்தப் பகுதி முழுவதற்கும் அந்தச் செய்முறை தெரிந்திருந்தது.

இந்த வெற்றிகளுக்கு இடையில்தான் வெண்ணிலா வருகிறாள்.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. ஈரோட்டுக்காரி. மருத்துவமனை ஆய்வகத்தில் ஷிஃப்ட் வேலை. அவள் கணவர் வாரம் முழுவதும் வெளியூர்ப் பணி. அதனால் பையனை வைத்துக்கொள்ளும் தகுதி அவளுக்கு இல்லையென்று அலுவலகத்திலேயே சொல்லிவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த மூன்றாவது இருக்கையை, "சும்மாத்தான கெடக்கு" என்று இவர்தான் அவளுக்குக் கொடுத்தார். இரக்க குணம் இவருக்கு. நான் தடுக்கவில்லை.

பந்து வீசும் நாட்களில் அனிபாலுக்கு நடுப்பகலில் சிறிது நடக்க வேண்டும், தசை தளர்வதற்காம். துணைக்கு இவரும் போவார். இத்தனை வயதில், அந்த வெயிலில்! திரும்பி வந்தால் இவருக்குப் பசியே இருக்காது. துணி துவைக்கும் சோப்பைப் போட்டுக் கையைக் கழுவுவார். சோம்பை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். "வெயில் வயித்தக் கலக்குது நாயகி, எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று படுத்துவிடுவார். மற்ற நாட்களில் நன்றாகச் சாப்பிடுகிற மனிதர். அந்தப் பையனுக்காக எவ்வளவு உடலை வருத்திக்கொண்டார் பாருங்கள்.

ஒருநாள் இங்கேதான், இதே நாற்காலியில் உட்கார்ந்து, வெண்ணிலா சொன்னாள்:

"அக்கா, இன்னைக்குக் கோழி கொஞ்சம் காரம் ஏறிப்போச்சுங்க. தம்பி மூக்கு ஒழுக ஒழுகச் சாப்புட்டான். போதும்டா, வவுறு கெட்டுப்போவும்னா கேக்கறானா? 'ஒன் மோர் அக்கா, ஒன் மோர் அக்கா'ங்கறான்!"

"எந்தக் கோழி?" என்றேன்.

"நம்மூட்டுக் கோழிதானுங். பள்ளிபாளையம் வறுவல். அன்னைக்கு ஒரு நா வாசல்ல நின்னு மோப்பம் புடிச்சுட்டு இருந்தான். உள்ள கூப்புட்டு ஒரு தட்டு வெச்சேன். அன்னைக்கே ஜெயிச்சுட்டானுங்ளா! அதுலருந்து மேச்சு நாளானா வந்து நின்னுருவான். உங்களுக்குத் தெரியாதுங்ளா?"

"தெரியுமே" என்றேன். தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் மனம் வருந்தியிருக்கும்.

ஆனால் நீங்களே எண்ணிப் பாருங்கள். மாடியறையைத் துடைத்துக் கொடுத்தது நான். சீருடையிலிருந்து புல்கறையை நீக்கியது நான். அவன் காலணியை வாசலுக்கு வெளியே சோடியாக வைக்கப் பழக்கியது நான். என்னை "மேடம்" என்கிறான். கோழியை வறுத்துப் போட்டவளை "அக்கா" என்கிறான். அந்தச் சொல்லை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவள்தான். என் வீட்டில் இருக்கிற பையனுக்கு எதிர்வீட்டிலிருந்து உறவுமுறை சொல்லிக்கொடுக்கிறார்கள்!

பொறாமை என்று எண்ணிவிடாதீர்கள். முறை என்று ஒன்று இருக்கிறது அல்லவா? அதைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் இவரிடம் கேட்டேன்: "இந்தக் கோழி விவகாரம் உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் வெளியதான நிப்பேன்" என்றார்.

வெயிலில் நிற்க வைத்திருக்கிறாள் மனிதரை!

அனிபாலிடமும் கேட்டேன். அவனுக்கு ஆங்கிலம் கொஞ்சந்தான் வரும். ஒரு கையை எங்கள் சமையலறைப் பக்கம் காட்டி, "லெமன் ரைஸ், குட்" என்றான். இன்னொரு கையைத் தெருவுக்கு அந்தப் பக்கம் காட்டி, "சிக்கன், குட்" என்றான். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துக் கோத்து, "டுகெதர், வின்" என்று சிரித்தான். குழந்தை. அவனுக்கு என்ன தெரியும்? எது வெல்ல வைக்கிறது என்பதைச் சோதித்துப் பார்த்தால்தானே தெரியும்?

அந்தச் சமயத்தில்தான் ஒரு செய்தி வந்தது. பெரிய அணி ஒன்றிலிருந்து ஆள் தேர்ந்தெடுக்கிறவர் அனிபாலைப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் அனிபாலுக்கு வாழ்க்கையே வேறு. பிடிக்காவிட்டால் பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, மாமாவின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை. இதை அவன் கையால் ஸ்பானர் திருகிக் காட்டிச் சொன்னான். அப்போதும் இடது கையால்தான்.

அவர் வருகிற நாள் ஆடி வெள்ளிக்கிழமையாக அமைந்தது. பக்கத்து நகரத்தில் நமது கோயில் இருக்கிறதே, அங்கே அம்மனுக்குச் சிறப்பு வழிபாடு. வெண்ணிலாவை நானே போய்க் கூப்பிட்டேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"என்னையவாக்கா கூப்புடறீங்க? இத்தன வருசத்துல ஒரு நா கூப்புட்டதில்லீங்ளே! நான் லீவு போட்டுட்டு வரேனுங். என்ற கார்லயே போலாம்." பிறகு சிறிது தயங்கினாள். "ஆனா தம்பிக்கு அன்னைக்கு மேச்சு இருக்குதேங்க்கா?"

"அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அது உண்மைதானே. அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான்தானே.

காலையிலேயே புறப்பட்டோம். எலுமிச்சைச் சாதத்தை மூடி மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். கோயிலில் கூட்டம். வெண்ணிலா சுற்றிச் சுற்றி வந்து கும்பிட்டாள். யாருக்காக என்று கேட்டேன். "தம்பிக்காகத்தானுங், வேற யாருக்கு?" என்றாள். அதிலும் முந்திக்கொள்கிறாள், பார்த்தீர்களா? நானும் அவனுக்காகத்தான் கும்பிட்டேன். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் திரும்பி நேராக இங்கே வந்து சேர்ந்தபோது ஆட்டம் பாதியைத் தாண்டியிருந்தது. இவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நடந்ததை மெதுவாகச் சொன்னார்: அனிபால் வழக்கம்போல எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறான். பூட்டியிருந்திருக்கிறது. மணியை அடித்திருக்கிறான், சன்னல் வழியே பார்த்திருக்கிறான், படியில் உட்கார்ந்திருக்கிறான். பிறகு வந்து எலுமிச்சைச் சாதத்தை இடது கையால் கிளறிக் கிளறிச் சாப்பிட்டிருக்கிறான். "எனக்கும் ஒண்ணும் எறங்கல" என்றார் இவர். முகம் வாடிப்போயிருந்தது. பையன் மேல் அவ்வளவு பாசம்.

ஆனால் பலகையைப் பார்த்தேன். எதிரணிக்கு ஒரு ஹிட் கூட இல்லை! அனிபால் வீசிய பந்துகளில் ஒன்றைக்கூட அவர்கள் ஒருவரும் அடித்து ஓடிச் சேரவில்லை. கோழி இல்லை, குழம்பு இல்லை, வெறும் எலுமிச்சைச் சாதம்! உங்களுக்குப் புரிகிறதா, என் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று?

கேலரியில் யாரும் பேசவில்லை. வால்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். அணியின் பையன்களுங்கூட அனிபாலுக்குப் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஏன் எல்லாரும் இழவு வீட்டில் இருப்பது போல இருக்கிறார்கள் என்று நினைத்தேன். வெண்ணிலாவின் பக்கம் திரும்பி, "பார்த்தாயா? இதுவரை ஒருவனும் அவனை அடிக்கவில்லை" என்றேன்.

அவள் பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். "ஐயோ அக்கா, சொல்லாதீங்க! இத வாயத் தொறந்து சொல்லவே கூடாதாமுங். சொன்னா போயிருமாமா!"

என் வாயை, இத்தனை பேர் நடுவில்! அந்தக் கையை விலக்கினேன். வால்டர் திரும்பி, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். ஒருவர் கேட்ட பிறகு பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. எழுந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன்.

அடுத்த பந்தை அடித்தான் ஒருவன். அதற்கடுத்தவனும் அடித்தான். அதற்கும் அடுத்தவன் அடித்த பந்து, அதோ அந்த மெத்தைக்கடை விளம்பரப் பலகை இருக்கிறதே, அதையும் தாண்டிப் போயிற்று.

தோற்றுவிட்டோம். முன்னால் இருந்த பெண்மணி "ஓ, லேடி" என்று மட்டும் சொன்னாள். வால்டர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். கடலை விற்கிறவள் அந்தப் பருவம் முடியும் வரை என் பக்கம் வரவேயில்லை. இவர் போய்த்தான் வாங்கிவருவார். இன்றைக்கும் அப்படித்தான்.

நீங்கள் படித்தவர். சொல்லுங்கள். ஒரு சொல் போய்ப் பந்தைத் தள்ளுமா? இவர்கள் நம்புகிறார்களே, வெட்கமாக இல்லையா? உண்மையான காரணம் என்ன தெரியுமா? அன்று தாளித்தபோது கடலைப்பருப்பு தீய்ந்துவிட்டது. ஏன் தீய்ந்தது? வெண்ணிலா வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தாள். அந்த அவசரத்தில் தீய்ந்தது. எலுமிச்சைச் சாதம் சரியாக அமைந்திருந்தால் அவன் தோற்றிருக்கவே மாட்டான். ஆக, யாரால் வந்தது?

மறுநாள் காலையில் அனிபால் கீழே வந்தான். கண் சிவந்திருந்தது. என் முன்னால் நின்று, "நாட் யூ, மேடம். மீ. பால் டூ ஹை" என்றான். பந்து உயரமாகப் போய்விட்டதாம். அவனே சொல்லிவிட்டான். அதை வால்டரிடம் போய்ச் சொன்னேன். "அவன் நல்ல பையன்" என்றார். நான் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் என்ன தொடர்பு?

தேர்ந்தெடுக்க வந்தவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இன்னொரு முறை வருவதாக மட்டும் சொன்னாராம். அது கடைசி உள்ளூர் ஆட்டம். அனிபாலுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதுதான் வீட்டார் நாளும்.

அன்று காலை முதல் நான் முன்னறைச் சன்னலை விட்டு நகரவில்லை. நடுப்பகலில் அவனும் இவரும் நடக்கக் கிளம்பினார்கள். எலுமிச்சைச் சாதப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன்.

"நீ எங்க நாயகி, இந்த வெயில்ல?" என்றார் இவர்.

"எங்கே போகிறீர்களோ, அங்கே" என்றேன்.

வெண்ணிலா கதவைத் திறந்தாள். அவள் வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் முறை. "வாங்கக்கா, வாங்கக்கா! ஐயோ, உள்ள கோழி வேகுதுங்ளே, உங்குளுக்கு ஆகாதே" என்று பதறினாள். புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அனிபாலின் தட்டில் முதலில் எலுமிச்சைச் சாதம் வைக்கப்பட வேண்டும் என்றேன். நானே வைத்தேன். பிறகு அவள் கோழியை வைத்தாள். அவன் இரண்டையும் இடது கையால் சேர்த்துப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். என் வீட்டில் மூன்றாவது இட்லிக்குத் தட்டை மூடுகிற பையன்.

அப்போது வெண்ணிலா இன்னொரு தட்டை எடுத்து இவர் முன்னால் வைத்து, "அண்ணா, உங்க தட்டு" என்றாள். இவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடனே எழுந்து, "எனக்கெதுக்கும்மா, நான் வெளிய நிக்கேன்" என்று வாசலுக்கே போய்விட்டார். வெண்ணிலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவரிடம் முதலில் பழக்கம் என்ன என்று கேட்க வேண்டாமா? சைவ உணவுக்காரர் முன்னால் தட்டை வைத்தால் அவர் என்ன செய்வார்? எவ்வளவு அருவருப்பாக இருந்திருந்தால் அப்படி ஓடியிருப்பார்!

என் மகனும் இப்படித்தான் மாட்டிக்கொள்வான். விடுமுறைக்கு வந்தால் காருக்குக் காற்றடிக்கும் பம்ப் கேட்க அவள் வீட்டுக்குப் போவான். போனால் லேசில் விடமாட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பிவருவான், பசியில்லாமல். அவன் கார்ச் சக்கரத்தில் எப்போதுமே காற்று நிற்பதில்லை.

மாலையில் அரக்குப் பட்டு உடுத்திக்கொண்டேன். அதோ, மூன்றாவது பேஸ் என்று வெள்ளைத் திண்டு வைத்திருக்கிறார்களே, அதற்குப் பக்கத்தில் கயிறு கட்டி எங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் பெயராக வாசித்தார்கள். ஒவ்வொரு பையனாக வந்து அவரவர் வீட்டு அம்மாவை அழைத்துப்போனான். அனிபாலைக் காணவில்லை. அவன் அந்த மூலையில், வேலிக்குப் பின்னால், கையைச் சூடேற்றிக்கொண்டு பந்து வீசிக்கொண்டிருந்தான்.

அலுவலகப் பெண் வந்து சொன்னாள்: அன்றைய ஆட்டத்தைத் தொடங்கி வீசுகிறவன் இந்த நடைக்கு வருவது வழக்கமில்லையாம். வேறொரு பையன் என்னை அழைத்துப்போவானாம். வேறொரு பையன்! என் காலணி வரிசையில் காலணி வைக்காத பையன்! வேண்டாம் என்றேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பெயரை வாசித்துவிட்டார்கள். தெய்வநாயகி என்பதை எப்படி வாசித்தார்கள் என்பதை நான் இங்கே திரும்பச் சொல்ல விரும்பவில்லை. நான் தனியாக நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது அவன் வேலிக்கதவை இடது தோளால் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். மூச்சு வாங்க என் முன்னால் நின்றான். கையுறையைக் கழற்றி, கயிற்றுக்கு வெளியே நின்ற இவரிடம் கொடுத்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் அவன் என்ன செய்தான் தெரியுமா? கேலரிப் பக்கம் திரும்பி, "அக்கா! வெண்ணிலா அக்கா! கம்!" என்று கத்தினான்.

அவள் வந்தாள். பிற்பகல் வேலைக்குப் போய்விட்டு அங்கிருந்து நேராக வந்தவள், ஆய்வகச் சட்டையும் ரப்பர்ச் செருப்புமாக, தடுப்பைத் தாண்டிக் குதித்து வந்தாள். நான் பட்டு உடுத்தி நிற்கிறேன், அவள் ரப்பர்ச் செருப்பில் வருகிறாள். அவள் பெயர் ஒலிபெருக்கிக்காரருக்குத் தெரியாது. வால்டர் எழுந்து நின்று அதைக் கத்திச் சொன்னார். மொத்தக் கேலரியும் சிரித்துக் கைதட்டியது.

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான். இடது கையை அவளுக்குக் கொடுத்தான். வலது கையை எனக்குக் கொடுத்தான்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அவள் கையை அவன் இறுகப் பிடித்திருந்தான். ஊஞ்சல் போல ஆட்டிக்கொண்டே நடந்தான். அவள் சிரித்தாள், அழுதாள், என்னென்னவோ செய்தாள். என் கையை அவன் பிடிக்கவேயில்லை. விரல்களை விரித்தபடி என் உள்ளங்கையின் மேல் வைத்தான். வைத்தான், அவ்வளவுதான். நான் சற்று அழுத்தியபோதும் அவன் விரல்கள் மடங்கவில்லை. விரல் நுனிகளில் பந்தின் தையல் உரசி உரசிக் காய்த்துப்போயிருந்தது. அத்தனை மாதம் வீட்டில் இருந்தவன். அந்தக் காய்ப்பை அன்றுதான் நான் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஆனால் பிடிக்கவில்லை. இதயம் இருக்கிற பக்கத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, என் கைமேல் வெறுமனே ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தான்.

அவனுடைய பயிற்சியாளர் எங்களைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். அணிப் பையன்கள் எல்லாரும் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்கள். வெண்ணிலாவின் ரப்பர்ச் செருப்பு புல்லைக் கெடுக்கிறதே என்றுதான் இருக்கும். வால்டர் தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். போன ஆட்டத்தில் நடந்துகொண்டதற்கு வருந்தியிருப்பார்.

அன்று அவன் வென்றான். வந்தவர் அவனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். மறுநாளே போய்விட்டான். இப்போது பெரிய ஊரில் ஆடுகிறான். படம் அனுப்புவான். எனக்கும் அனுப்புவான், அவளுக்கும் அனுப்புவான். முதலில் யாருக்கு அனுப்புகிறான் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவள் என்ன நினைப்பாள்?

பொறாமை இல்லை. கோடை முழுவதும் ஒரு பையனை வைத்துப் பார்த்துக்கொண்டவளுக்கு, அவன் கையை இறுகப் பிடித்தான் என்று சொல்லிக்கொள்ள ஒரு நாளாவது இருக்க வேண்டாமா? அவ்வளவுதான் என் குறை.

அதோ வருகிறாள், பாருங்கள், இன்றைக்கு அதிசயமாக முன்னதாகவே. கையில் தூக்குச்சட்டி. ஆட்டத்துக்கு வருகிறவர்கள் தூக்குச்சட்டியோடா வருவார்கள்? இவரும் கடலையோடு பின்னாலேயே வருகிறார். தூக்குச்சட்டியை அவளிடமிருந்து வாங்கிச் சுமக்கிறார். உதவி செய்யாமல் இருக்க முடியாது இவருக்கு. சற்று நகர்ந்து உட்காருங்கள். நான் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டாம்.

வேலியருகே ஒருவன் உங்களைப் பார்த்துக் கையசைக்கிறானே, அவன்தான் உங்கள் பையனா? இன்றைக்கு அவன்தான் வீசுகிறானா? போய்ப் பேசிவிட்டு வாருங்கள். ஆனால் வலது கையை நீட்டாதீர்கள். தர மாட்டான். அவமதிக்கிறான் என்று நினைத்து என்னைப் போல வருந்தவும் வேண்டாம். பந்து வீசும் நாளில் அந்தக் கையை அவர்கள் ஒருவருக்கும் தருவதில்லை. பெற்றவளே வந்து நின்றாலும் தருவதில்லை.